தூயெத்தின் நெஞ்சிலிருந்த இரும்பு

கியெம் தன் மின்காந்தத்துக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுத்த காலையில், அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவன் மனைவி தூயெத், நெஞ்சு முன்னே போக, கால்கள் பின்னே இழுபட, கையில் பாதி சீவிய கிழங்கோடு முற்றத்தைத் தாண்டி வந்து செம்புச் சுருளின்மேல் மோதி நின்றாள். அவள் கையிலிருந்து நழுவிய கத்தி விழுந்த இடத்திலேயே கிடந்தது. கொல்லையில் சாத்தியிருந்த மண்வெட்டியும் அசையவில்லை. அவள் மட்டும்தான் வந்தாள். கியெம் உடனே சுவிட்சை அணைக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான், நடுவிலிருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தான். "சுவரைத் தாண்டி இழுக்குதுடி!" என்று கத்தினான். அன் காட் ஊரில் அந்த வருஷம் நிலக்கடலை நன்றாக விளைந்திருந்தது. ஆற்றில் மீன் குறைவு. இந்தச் சங்கதியும் அந்த வருஷத்தில்தான் நடந்தது.

தூயெத்தின் நெஞ்சில் இரும்பு இருந்தது ஊருக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்கர்களின் விமானங்கள் ஓயாமல் குண்டு போட்ட கோடையில், அவள் சிறுமியாகப் பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியபோது, ஒரு பூண்டுப் பல் அளவுள்ள துண்டு இடது மார்புக்குக் கீழே நுழைந்தது. ஹுவே நகரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அது இதயத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது, காலி பண்ணச் சொன்னால் இரண்டு வீடும் சேர்ந்து இடியும், அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். அன் காட்டில் இப்படிப் பலர் இருந்தார்கள். ஊரின் மணலுக்கு அடியில் இருந்ததை எண்ணிப் பார்க்க யாராலும் முடியாது. வெடித்தவை, வெடிக்காதவை, பாதி வெடித்து மீதியை வைத்துக்கொண்டு காத்திருப்பவை. சண்டை முடிந்து பசி வந்தபோது, ஊர் அந்த இரும்பைத் தோண்டி விற்றுச் சாப்பிட்டது. மண்வெட்டி தப்பான இடத்தில் பட்டவர்களை வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்தார்கள். தூயெத்தின் தம்பி லுக் அப்படித்தான் போனான். அவனை ஒரு கூடையில் சேகரித்துக் கொண்டுவந்தார்கள். கூடையைப் பார்த்த கியெம், இனி இந்த ஊரில் யாரும் மணலில் மண்வெட்டி வைக்கக் கூடாது, இரும்பு தானாகக் கிளம்பி வரவேண்டும், நாம் தள்ளி நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னான். அன்று அவன் அழுதான். அது பொய்யழுகை இல்லை என்று தூயெத் பிற்காலத்திலும் சொல்லிவந்தாள்.

கியெம் ஹனோயில் மின்சாரம் படித்தவன். மாவட்ட மின் நிலையத்தில் மேலதிகாரியோடு சண்டை போட்டு, வேலையை விட்டு வந்தவன். நீளமான கழுத்து, ஓயாமல் எதையாவது சுரண்டிக்கொண்டிருக்கும் விரல்கள். ராணுவத் தொலைபேசிக் கம்பிகளை எரித்துச் செம்பை எடுத்தான். உடைந்த பாலத்தின் தூணிலிருந்து மெது இரும்பு அறுத்தான், ஏனென்றால் குண்டுகளின் கடின இரும்பு ஒருமுறை காந்தமானால் பிடித்ததை விடாது. முதல் சுருள்கள் தொட்டதையெல்லாம் தூக்கின. மாட்டு வண்டி அச்சைத் தூக்கின. ஆனால் ஒரு சாண் தள்ளி வைத்த ஆணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காந்தத்தின் கருமித்தனம் அதுதான்: அண்டியவனுக்கு அள்ளிக் கொடுக்கும், எட்ட நிற்பவனுக்கு ஒன்றும் இல்லை. லாட வடிவில் வளைத்துப் பார்த்தான். பிடி கூடியது, எட்டும் தூரம் இன்னும் குறைந்தது. நீளமாக நிமிர்த்தினான். கடைசியில், சுருளின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம்தான் அதன் கை நீளும் என்று கண்டுபிடித்து, வண்டிச் சக்கரம் அளவுக்கு அகலப்படுத்தினான். அந்தச் சுருள்தான் தூயெத்தை இழுத்தது.

இரும்புக் கத்தி கேட்காத அழைப்பை அவள் நெஞ்சிலிருந்த இரும்பு ஏன் கேட்டது என்பதற்கு ஊரில் பல விளக்கங்கள் உண்டு. உயிருள்ள சதைக்குள் நெடுநாள் கிடந்த இரும்புக்குக் காது முளைத்துவிடும் என்பது பழைய இரும்பு வாங்கி விற்கும் புவோய் என்பவளின் கருத்து. கியெம் விளக்கம் தேடவில்லை. அவனுக்கு ஓர் அளவுகருவி கிடைத்துவிட்டது. மறுநாளே தூயெத்தைக் கிணற்றடியில் நிறுத்தினான். அப்புறம் மூங்கில் வேலியோரம். அப்புறம் வரப்பு.

"இழுக்குதா?"

"லேசா."

"லேசான்னா? கையப் புடிச்சு இழுக்குற மாதிரியா, துணியப் புடிச்சு இழுக்குற மாதிரியா?"

"பால்குடி வாயி வச்சு இழுக்குற மாதிரி."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கியெம், அப்படிச் சொன்னால் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லி, புவோயிடமிருந்து பித்தளை வில் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தான். தூயெத்தின் இடுப்பில் துணியைக் கட்டி, துணியைத் தராசின் கொக்கியில் மாட்டி, தராசைப் பாக்கு மரத்தில் கட்டினான். சுருளுக்கு மின்சாரம் கொடுத்ததும் அவள் கயிற்றில் கட்டிய ஆடு போல முன்னால் சாய்ந்து நிற்க, அவன் ஓடிவந்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சுற்றைக் கூட்டினான். சுருள் சூடேறி, கம்பிமேல் பூசிய அரக்கு எரிந்த நாட்களில் அவளுக்கும் நெஞ்சு எரிந்தது. அவன் சுருளைச் சுற்றிக் குழாய் பதித்து ஆற்றுத் தண்ணீரை ஓடவிட்டான். அதன் பிறகு அவள் நெஞ்சும் குளிர்ந்தது என்று சொன்னாள். தண்ணீர் வேலை செய்கிறது என்று அவன் மகிழ்ந்தான். வேலியோரம் வேடிக்கை பார்த்த பெண்கள், "தூயெத்தக்கா, புருஷன் கூப்புட்டா எல்லாருந்தான் போறோம், நீ மட்டும் பறந்துல்ல போற!" என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த நாட்களில் அவளுக்கு அது பெரிய துன்பமாகத் தெரியவில்லை. தம்பியின் சாவுக்குத் தன் உடம்பால் ஏதோ பதில் செய்வதாக நினைத்தாள்.

இரண்டு மழைக்காலம் கழிந்து, களத்துமேடு அளவுக்கு அகலமான சுருளை ஆற்றங்கரை மணலில் நான்கு மூங்கில் கோபுரங்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். ராணுவம் விட்டுப்போன ஜெனரேட்டர் ஒன்று புகை கக்கியது. ஊர் முழுவதும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. கியெம் நெம்புகோலை இறக்கியதும் மணல் கொப்பளித்தது. பிறகு, பழுத்த பூசணிக்காய்களை யாரோ அடியிலிருந்து தள்ளிவிடுவது போல, குண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவசரப்படாமல், ஒன்றோடொன்று இடிக்காமல், மெல்ல மிதந்து போய்ச் சுருளின் அடியில் ஒட்டிக்கொண்டன. ஒன்றுகூட வெடிக்கவில்லை. அடித்து எழுப்பினால்தான் கோபம் வரும், கூப்பிட்டு எழுப்பினால் வராது என்று கியெம் சொன்னான். தூயெத் அப்போது ஆற்றுக்கு அக்கரையில், அவன் குறித்துக் கொடுத்த இடத்தில், ஒரு தேக்கு மரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். தம்பியைக் கொன்ற வகைக் குண்டுகள் வானத்தில் மிதப்பதைப் பார்த்து அழுதாள். மரப்பட்டை அவள் கன்னத்தில் பதிந்த தழும்பு பல நாள் இருந்தது.

அதன் பிறகு அன் காட் செழித்தது. ஓலைக் கூரைகள் ஓட்டுக் கூரைகள் ஆயின. டோங் ஹா நகரத்திலிருந்து லாரிகள் வந்து வரிசையில் நின்றன. புவோய் பெரிய தராசு வாங்கினாள், தங்கப் பல் கட்டிக்கொண்டாள். ஊர்த் தலைவர் தாங் மேடை போட்டு, மண்வெட்டியில்லாத ஊர் என்று பேசினார். உடம்பில் இரும்புள்ளவர்கள், இரும்பு தூக்கும் நாட்களில் சோற்றுப் பொட்டலத்தோடு அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. முதலில் அது திருவிழா போலத்தான் இருந்தது. அவர்களும் மரத்தடியில் சீட்டாடிவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் மேலே கிடந்த இரும்பு தீர்ந்து, ஆழத்தில் கிடப்பதற்காகக் கியெம் சுருளை அகலப்படுத்திக்கொண்டே போனான். அக்கரை போதாமல் ஆயிற்று. அடுத்த ஊர் போதாமல் ஆயிற்று. ஒரு வாரத்தில் எத்தனை முறை இரும்பு தூக்கினார்களோ அத்தனை முறை அவர்கள் மூட்டை கட்டினார்கள். வயலில் நாற்று அழுகியது. கூலி வேலைக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை, பாதியில் ஓடுவார்கள் என்று.

அவர்களில் மூத்தவர் தியெப். முன்னாள் சிப்பாய். முதுகிலும் இடுப்பிலும் சின்னச் சின்னதாக நிறைய இரும்பு வைத்திருந்தார். உட்காரும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, "மெதுவா, மெதுவா, பட்டாளம் முழிச்சுக்கப் போகுது" என்பார். ஒருநாள் அவர் போக மறுத்துவிட்டார். எருமைக் கயிற்றால் தன்னைப் பலாமரத்தோடு கட்டிக்கொண்டு, பைப்பில் புகையிலை போட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். தூயெத் மூட்டையோடு அவர் வீட்டைத் தாண்டியபோது பார்த்தாள்.

"பெரியப்பா, இன்னிக்கு வேணாம். புதுசா சுத்து கூட்டியிருக்காரு. நேத்து வெறும் சோதனைக்கே எனக்கு மூச்சு முட்டுச்சு."

"எதிரி மேலேருந்து கொட்டுனப்பவே எடத்த விட்டு நகராதவன் நான். உம் புருஷன் செம்புக் கம்பிக்கா நகரப் போறேன்? போய்ச் சொல்லு, தியெப் வீட்டுலதான் இருக்கான்னு."

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். ஆற்றங்கரையில் லாரிகள் காத்திருந்தன. கியெம் தாங்கைப் பார்த்தான். தாங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தாளு சும்மா மெரட்டுறாரு. அவருக்காக நிறுத்துனா நாளைக்கு ஆளாளுக்கு மரத்துல கட்டிக்குவான்" என்றார். தூயெத்தைப் பிடித்து ஒரு மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து மேற்கே அனுப்பினார்கள். கடைசி வரிசை மூங்கில்கள் மறைந்த பிறகும் அவள் திரும்பிப் பார்த்து ஏதோ கத்திக்கொண்டே போனாள். கியெம் நெம்புகோலை இறக்கினான்.

பலாமரம் அசையவில்லை. எருமைக் கயிறு அறவில்லை. தியெப்பும் இருந்த இடத்திலேயே இருந்தார். இரும்பு மட்டும் போயிற்று. அவர் சட்டையில் கறையான் அரித்தது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். வாயில் பைப் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அவருடைய மகள் ஆற்றங்கரைக்கு வந்து, அப்பாவின் உடம்பிலிருந்து போனதை அவரோடே புதைக்க வேண்டும், கொடுங்கள் என்று கேட்டாள். புவோய் குவியலைக் காட்டினாள். "எதுன்னு எடுத்துக் குடுப்பேன் மகளே? இரும்புல பேரா எழுதியிருக்கு?" என்று சொல்லி, அவள் மனம் நோகக் கூடாதென்று ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். மீதி லாரியில் போயிற்று. கியெம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை தூயெத் திரும்பி வந்தபோது, தியெப்பின் பலாமரத்திலிருந்து சுருள்வரை அவன் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தான். "இவ்வளவு தூரத்துலேருந்து உருவ முடியுதுன்னா, ஆழத்துல கெடக்குற பெரிய குண்டெல்லாம் வந்துரும்" என்று அவளிடம் சொன்னான். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

தாங் ஊர்க் கூட்டம் போட்டார். பச்சைத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்படியொரு சாவு இனி நடக்கக் கூடாது என்று தாங் சொன்னபோது தூயெத்துக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"யாரையும் ஊர விட்டுத் தள்ளல. உடம்புல இரும்பு இருக்குறவங்க கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கணும், அவ்வளவுதான். ஊரு வீடு கட்டிக் குடுக்கும்."

"எவ்வளவு தள்ளி அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

தாங் கியெம்மைப் பார்த்தார். கியெம் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "இப்போதைக்குக் கே சான் மலை வரைக்கும் போதும்" என்றான்.

"இப்போதைக்கு" என்று தூயெத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஓடு வேய்ந்த வீடுகளின் கைகளெல்லாம் உயர்ந்தன. லுக்கின் கூடையைச் சுமந்து வந்தவர்களின் கைகள் உயர்ந்தன. கியெம்மின் கையும் உயர்ந்தது.

வீட்டுக்கு வந்து அவள் பாயைச் சுருட்டியபோது அவன் வாசலில் நின்றான்.

"நான் தூக்கலேன்னா என்ன நெனப்பாங்க? அவன் பொண்டாட்டிக்கு மட்டும் தனிச் சட்டமான்னு கேக்க மாட்டாங்களா?"

"எந்தக் கைங்க?"

"என்ன எந்தக் கை?"

"எந்தக் கையத் தூக்குனீங்கன்னு கேட்டேன். ஒங்களுக்கு முன்னால ஒசந்த ஆளு நின்னாரு, சரியாத் தெரியல."

அவன் யோசித்துவிட்டு வலது என்றான். அவள் தலையாட்டினாள். முன்னோர் வழிபாட்டு மேடையிலிருந்து தம்பியின் படத்தை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒன்பதாம் எண் சாலையில் மேற்கே போகும் பேருந்தில் ஏறினாள்.

கே சானில் அவள் ஒரு வருஷம் இருந்தாள். ஊர் கட்டிக் கொடுப்பதாகச் சொன்ன வீடு தகரக் கொட்டகையாக வந்தது. அவள் பிடித்துத் தொங்கிய இழுப்பில் அதன் ஆணிகள் கிழக்குப் பக்கமாக வளைந்துகொண்டே இருந்தன. மற்ற இரும்புக்காரர்கள் தெற்கே சைகோன் பக்கம் உறவுக்காரர்களைத் தேடிப் போய்விட்டார்கள்; அவளுக்கு உறவு யாரும் மிச்சமில்லை. சுருள் வளர வளர அவள் எல்லைப் பக்கம் நகர்ந்தாள். லாவ் பாவில், லாவோஸுக்குப் போகும் லாரிகள் நிற்கும் மேட்டில், அவித்த சோளமும் தேநீரும் விற்கும் கடை போட்டாள். இரும்பு தூக்கும் நாட்களில் அவள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டு தேநீர் ஊற்றுவாள். தேநீர் நேராகத்தான் விழும். லாரிக்காரர்கள் இரண்டொரு முறை வியந்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டார்கள். பாயில் படுக்கும்போது இடுப்பை ஒரு கருங்கல்லோடு கட்டிவைத்துப் படுத்தாள், ஏனென்றால் ஒருமுறை தூக்கத்தில் சாலையின் நடுவரை போய்விட்டாள்.

கியெம் அவளைப் பார்க்க வருவான். வரும்போதெல்லாம் கருவாடும், அவளுக்குப் பிடித்த இறால் விழுதும் கொண்டுவருவான். முதல் தடவை அவன் பேருந்திலிருந்து இறங்கியதைக் கண்டு அவள் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவன் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கெழமை தூக்குனோமே, இங்க எப்படி இருந்துச்சு? மதியத்துக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டான். அவள் சொன்னாள். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு மறுபேருந்தில் போனான். அப்படியே சில வருஷங்கள் போயின. ஒருமுறைகூட அவன் ராத் தங்கவில்லை. தங்கினால் மறுநாள் தூக்குவது தள்ளிப்போகும் என்றான். ஒருமுறை அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டு கிடந்தபோது வந்தான். கஞ்சி வைத்துக் கொடுத்தான். நெற்றியில் ஈரத்துணி போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையின் குளிர்ச்சியில் கிடந்தாள். அப்போது அவன், காய்ச்சலில் இழுப்பு கூடுதலாகத் தெரிகிறதா, குறைவாகத் தெரிகிறதா என்று கேட்டான்.

அடுத்த தடவை அவன் வந்தபோது அவள் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போன வாரம் ரொம்பப் பெருசா தூக்குனோம். எப்படி இருந்துச்சு?"

"எப்ப?"

"வியாழக்கெழம."

"ஒண்ணுமே தெரியலயே."

அவன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "நல்லா யோசிச்சுச் சொல்லு. லேசாக்கூடவா?"

"யோசிக்க என்ன இருக்குங்க? இழுத்தா இழுத்ததுன்னு சொல்லப்போறேன். ஒங்க சுருளு கெழடாயிருச்சு போல."

அந்த வியாழக்கிழமை அவள் கடையின் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயில் துணியை வைத்துக் கடித்திருந்தாள். இரண்டு நகம் போயிருந்தது. அந்த விரல்களைச் சோளத் தோலுக்குள் மறைத்துக்கொண்டாள். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் பொய் சொன்னாளா என்று பிற்காலத்தில் பலர் அவளைக் கேட்டதுண்டு. அவன் இனிமேல் வராமல் இருப்பான் என்று நினைத்தேன் என்று சிலரிடம் சொன்னாள். தெரியும் என்று சிலரிடம் சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கியெம் முகம் கறுத்துத் திரும்பிப் போனான். எங்கோ சுற்று அறுந்திருக்கிறது, எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அந்த மழைக்காலம் முழுவதும் தேடினான். பழுது ஒன்றும் கிடைக்காததால், சுருளை இரண்டு மடங்கு ஆக்கினான். பழைய மீன்குளம் ஒன்று மொத்தமாக அதற்குள் அடங்கியது. தாங் மேலும் இரண்டு ஜெனரேட்டர்களை வரவழைத்தார். கியெம் சுருளுக்கு மேற்கே, கோபுரங்களைப் பார்த்த மாதிரி, நெம்புகோலுக்காகப் பலகைக் குடில் ஒன்று கட்டி, சுருளைப் பார்த்தபடி, மலைகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் காலையில் நெம்புகோல் இறங்கியதும் ஊரின் புதுக்கூரைகளிலிருந்து ஆணிகள் எறும்புச் சாரி போலக் கிளம்பின. ஓடுகள் சரிந்தன. தையற்காரியின் வாயிலிருந்த ஊசிகள், சைக்கிள்கள், புவோயின் பெரிய தராசு எல்லாம் ஒரே திசையில் போயின. நெல்வயலின் நடுவிலிருந்து முழு டாங்கி ஒன்று, பீரங்கியில் சேறு வழிய, தண்ணீர் குடிக்க எழுந்த யானை போல எழுந்தது. லாவ் பாவில் தூயெத் அப்போது வாடிக்கையாளர் ஒருவருக்குச் சோளம் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் சாயவில்லை. சாய நேரமில்லை. நெஞ்சில் யாரோ கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வெளியே போனது போல இருந்தது என்று சொன்னாள். ரவிக்கையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. ரத்தம் அதிகம் வரவில்லை. வாடிக்கையாளர் கையில் சோளத்தோடு, "அக்கா, ஒங்க கிட்டேருந்து என்னமோ பறந்து போச்சு" என்றார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, அவருக்கு மிளகாய் உப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டாள்.

பூண்டுப் பல் அளவு இரும்பு மலைகளின் மேலாக, ரப்பர்த் தோட்டங்களின் மேலாக, ஒன்பதாம் எண் சாலையை ஒட்டியே பறந்தது. கே சான் சந்தையில் ஒரு வாத்து வியாபாரியின் குடையைத் துளைத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அன் காட்டை அடைந்தபோது சுருளுக்குப் போகும் வழியில் கியெம்மின் முதுகு இருந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே நுழைந்தது. அவன் முன்னால் சரிந்தான். சரியும்போது அவன் பிடி விட்டு நெம்புகோல் மேலெழுந்தது, மின்சாரம் அறுந்தது, அதனால் அந்த இரும்பு எதுவரை போயிருந்ததோ அங்கேயே நின்றது. டோங் ஹா மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தை ஒட்டிக்கொண்டு இருந்தது. எடுக்க வேண்டாம் என்றார்கள்.

அவன் படுக்கையிலிருந்து எழுந்தபோது ஊர் கூரைகளை மூங்கில் ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டிருந்தது. வயல்களில் இன்னும் பல டாங்கிகள் இருப்பதாக எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். சுருளை இயக்க தாங்கின் மருமகன் கற்றுக்கொண்டிருந்தான். உண்மையில் நெம்புகோலை இறக்கி ஏற்றுவதைத் தவிர அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கூட்டம் போட்டார்கள். கியெம் தான் இல்லாமல் சுருளைச் சரிபார்க்க ஆளில்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

"நீயும் கை தூக்கிப் போட்ட சட்டந்தானே தம்பி" என்றார் தாங், மிகவும் பிரியமாக. "ஒனக்கு மட்டும் தனியா ஒண்ணு வச்சா ஊரு என்னப் பத்தி என்ன பேசும்?"

கைகள் உயர்ந்தன. அதில் வலது கை, இடது கை என்று கியெம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். புவோய் வழிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

அவன் நடந்தே வந்தான். பேருந்தில் ஏறினால், தூக்கும் நேரத்தில் இருக்கையோடு சன்னலை உடைத்துக்கொண்டு போய்விடுவோம் என்று பயந்தான். லாவ் பாவில் தூயெத்தின் கடை முன்னால் வந்து நின்றபோது அவனுடைய நீளமான கழுத்து இன்னும் நீண்டிருந்தது. நடை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். சோறும், மிளகாய் போட்டு வறுத்த இறால் விழுதும் வைத்தாள். அவன் நிமிராமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, இலையைப் பார்த்துக்கொண்டு, "இது ஒன்னோடதுதான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"தெரியும்."

"ரொம்ப வலிக்குது தூயெத். இத்தன வருஷம் நீ சொன்னதே இல்லயே."

"நீ கேட்டது வேற."

கல்யாணமானதிலிருந்து அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள். அவன் கடைக்குள்ளே, பாயும் கருங்கல்லும் கிடந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"இங்கயே ஒரு ஓரமா…"

"இங்க பத்தாது" என்றாள். "வாற மாசம் அகலப்படுத்துறாங்களாம், லாரிக்காரங்க சொன்னாங்க. மேற்கால போ. எல்லையத் தாண்டுனா செபோன். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ஆத்த ஒட்டிப் போனா சவன்னாகேத்."

"அதுக்கப்புறம்?"

அவள் யோசித்தாள். அவனை நோகடிக்க வேண்டும் என்றோ, ஆறுதல் சொல்ல வேண்டும் என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. பாதை கேட்டவனுக்குப் பாதை சொல்வது போலத்தான் இருந்தது. "மரத்தக் கட்டிப் புடிச்சா நெஞ்சு மரத்துல படுற மாதிரி புடி. முதுகு காட்டி நிக்காத, இழுத்துட்டுப் போயிரும். வாயில துணி வச்சுக்க. நாக்க கடிச்சுக்குவ" என்று சொல்லி, கிழிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லைச் சாவடியை நோக்கி நடந்தான். காவலர்கள் அவனிடம் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அன் காட் இன்றும் இரும்பு தூக்குகிறது. சுருளின் விளிம்பு இப்போது பக்கத்து ஊரின் சுடுகாட்டைத் தொடுகிறது. அங்கே தூக்கும் நாட்களில் மீகாங் ஆற்றங்கரையில் ஒரு மனிதன் புளியமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதைச் சவன்னாகேத் லாரிக்காரர்கள் முன்பெல்லாம் பார்த்திருக்கிறார்கள். பிறகு, ஆற்றைத் தாண்டித் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

தூயெத் நேராக நடக்கிறாள். முதல் சில மாதங்கள் அது அவளுக்குப் பழகவில்லை, கால் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். நெஞ்சிலிருந்த துளை ஆறியது, ஆனால் மூடவில்லை. காது குத்திய ஓட்டை போல ஓரம் வழவழப்பாகிவிட்டது. கோடையில் லாவோஸ் பக்கமிருந்து வீசும் வறட்டுக் காற்று அதற்குள் புகுந்து, புல்லாங்குழலில் கற்றுக்குட்டி ஊதுவது போல ஒரே சுரத்தில் ஒலிக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் மதியத் தூக்கம் கெடுகிறது என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், அவள் கொய்யாக் குச்சியில் ஓர் அடைப்பு சீவி வைத்திருக்கிறாள். வெயில் மிகவும் கடுமையான நாட்களில் மட்டும், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அதை எடுத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்துகொள்கிறாள். உள்ளே நல்ல குளிர்ச்சியாக இருக்கிறதாம்.